தொண்ணூற்று நாலு மார்க் நிம்மதி

டாக்டர் கொடுத்த கெடு முப்பது நாள். அதில் பதினொன்று ஓடிப்போயிருந்தது.

சிவனாண்டியின் இடது காலில், சுண்டுவிரலுக்குக் கீழே, ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குப் புண். சர்க்கரைப் புண். பெரியாஸ்பத்திரியில் கட்டு மாற்றக் காசு கிடையாது, மருந்துக்கும் கிடையாது. தினமும் காலையில் கொண்டுவந்து காட்டினால் ஒரு மாதத்தில் ஆற்றிவிடலாம். இஷ்டப்பட்ட நாளில் வந்தால் விரலும் போகும், விரலோடு காலும் போகும் என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

எல்லாம் இலவசம்தான். போய்த் திரும்ப ஆட்டோவுக்கு மட்டும் நூற்றறுபது ரூபாய்.

பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை. ஆனால் புண் இருப்பது அவன் பெண்டாட்டி சொர்ணத்தாயின் காலில் இல்லையே. முக்கால் கிலோமீட்டர் நடந்து பஸ் படியில் ஏற வேண்டியவன் சிவனாண்டி. அவள் தீப்பெட்டி ஆபீசில் விடிந்ததிலிருந்து இருட்டும்வரை குச்சி அடைத்தாலும் கைக்கு வருவது முந்நூறு. கேஸ் ஏறிவிட்டது, எண்ணெய் ஏறிவிட்டது, வீட்டுக்காரர் வாடகையில் ஐந்நூறை ஏற்றிவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார். பதினைந்தாம் தேதி வருகிற அரசாங்க ஆயிரம் பதினாறாம் தேதி காலை காப்பிக்கு நிற்பதில்லை. ஆக, தினமும் மாற்ற வேண்டிய கட்டு மூன்று நாளைக்கு ஒருமுறை மாறியது.

இதை யாரிடமாவது சொன்னாளா? சொல்லவில்லை. அதுதான் கதை.

அவள் மகள் செல்வமாரியை முத்துத்தாயின் மகன் சதீஷ்குமாருக்குப் பேசியிருந்தார்கள். பையன் நூல் மில்லில் ஃபிட்டர். முத்துத்தாய் அதே தீப்பெட்டி ஆபீசில், சொர்ணத்தாய்க்கு இரண்டு இடம் தள்ளி உட்கார்ந்து குச்சி அடைப்பவள். பெண் பார்க்க வந்த அன்று முறுக்கைக் கடித்துக்கொண்டே முத்துத்தாய் கேட்ட முதல் கேள்வி, உங்க குடும்பத்துல யாருக்கும் சர்க்கரை உண்டா என்பதுதான். முள் குத்தின புண், ஆறிவிட்டது என்று சொர்ணத்தாய் சொன்னாள். சொன்னதைக் காப்பாற்ற வேண்டுமே. தெருவில் கேட்டவர்களுக்கும் ஆறிவிட்டது. ஆபீசில் கேட்டவர்களுக்கும் ஆறிவிட்டது. தினமும் காலை எட்டு மணிக்கு லோடு ஆட்டோவில் காலிப் பெட்டிகளைக் கொண்டுவந்து இறக்கும் செய்யது அலி ஒருநாள், உன் வீட்டுக்காரருக்குக் கால் எப்படிம்மா இருக்கு என்று அக்கறையாய்க் கேட்டார். அவருக்கும் ஆறிவிட்டது. ஊர் முழுக்க ஆறிப்போன புண், வீட்டில் மட்டும் நாறிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் சென்னையிலிருந்து உதவி வந்தது.

உதவியின் பெயர் கோகுலகிருஷ்ணன். வயது இருபத்தாறு, கழுத்தில் அடையாள அட்டை, கையில் தொடுதிரை டேப். ஏதோ ஓர் அறக்கட்டளை. விலைவாசி ஏறிக்கிடக்கிற நேரத்தில் கஷ்டப்படும் குடும்பங்களுக்கு ஆறு மாதம், மாதம் மூவாயிரம் ரூபாய். கூடவே மன ஆறுதலும் உண்டாம். ஆபீஸ் முற்றத்தில் பேனர் கட்டினார்கள். ‘நிதியும் நிம்மதியும்’ என்று போட்டிருந்தது. பேனரில் ஒரு பெண் பல் முழுதும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் இந்தப் பக்கத்துப் பெண் இல்லை என்பது அந்தப் பல்லிலேயே தெரிந்தது.

மூவாயிரம். சொர்ணத்தாய் மனசுக்குள் பெருக்கிப் பார்த்தாள். பதினெட்டு நாள் ஆட்டோ. மிச்ச நாளுக்கு எப்படியாவது புரட்டிவிடலாம். கால் தப்பியது என்றே நினைத்தாள்.

கோகுலகிருஷ்ணன் செய்த ஏற்பாட்டைக் கேட்டால் கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றும். ஒவ்வொருத்தியாகத் தனியே கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். அவன் மைக் வைத்தான். முற்றத்தில் நாற்பது பெண்களையும் வட்டமாக உட்காரவைத்து, ஒருத்தர் கஷ்டத்தை ஒருத்தர் கேட்டாலே பாதி பாரம் குறைந்துவிடும், இது ஒரு சிகிச்சை முறை என்று விளக்கினான். படித்த பிள்ளை. தான் எந்த ஊரில் நிற்கிறோம் என்பதைமட்டும் எந்தப் பாடத்திலும் படிக்கவில்லை.

வட்டத்தில் உட்கார்ந்திருந்தது யார்? ஒருத்திக்குப் பக்கத்தில் அவள் கொழுந்தன் பெண்டாட்டி. இன்னொருத்திக்கு எதிரே, வேலித் தகராறில் மூன்று வருஷமாகப் பேசாதவள். நடுவில் சம்பந்திகள், நேற்றைய சம்பந்திகள், நாளைய சம்பந்திகள்.

முதலில் வள்ளிமயில். ஒரு நாளைக்கு எத்தனை வேளை சாப்பிடுறீங்க என்று கோகுலகிருஷ்ணன் கனிவாகக் கேட்டான். வள்ளிமயில் இரண்டு விரலைத் தூக்கினாள். எதிரே உட்கார்ந்திருந்த நாத்தனார் புருவம் ஏறியது. மூன்றாவது விரலும் தானாக எழுந்துகொண்டது.

அவ்வளவுதான். மடை திறந்துவிட்டது. அடுத்தவள் மூன்று வேளையும் உண்டு, ராத்திரி பாலும் உண்டு என்றாள். அதற்கடுத்தவள் பாலில் பாதாம் போட்டாள். முத்துத்தாய் மைக்கை வாங்கி, மூன்று வேளைக்கு நடுவில் காப்பியும் வடையும் தங்கள் வீட்டில் வழக்கம் என்று நிதானமாகச் சொல்லிவிட்டு, ஓரக்கண்ணால் சொர்ணத்தாயைப் பார்த்தாள்.

மைக் சொர்ணத்தாய் கைக்கு வந்தது.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுந்தாள். கால் இருக்கிற நிலைமையைச் சொல்ல வாயைத் திறந்தாள். அந்த வாயிலிருந்து வந்தது வேறு.

“மூணு வேளையும் சாப்பிடுதோம். ஞாயித்துக்கிழமையானா மீனு. சாளை கீளையெல்லாம் எங்க வீட்டு அவியளுக்கு இறங்காது. சீலாதான்.”

வட்டத்தில் ஒரு முனகல் ஓடியது. பணக்கார வீட்டு மீனான சீலாவை யாரும் எதிர்பார்க்கவில்லை.

வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டான். எல்லாரும் சுகம் என்றாள். ராத்திரி தூக்கம் வருதா என்றான். படுத்தால் விடிந்துதான் முழிப்பு என்றாள். அவன் டேப்பில் தட்டிக்கொண்டே போனான். ஒவ்வொரு தட்டுக்கும் சிவனாண்டியின் கால் ஒரு விரற்கடை தூரம் தள்ளிப்போனது அவளுக்குத் தெரிந்தது. ஆனால் மைக்கைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தபோது, வெட்கம்கெட்ட மனசு, வடையைச் சீலா அடித்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தது.

வியாழக்கிழமை முடிவு வந்தது. நூற்றுக்கு நாற்பது மார்க்குக்குக் கீழே நிம்மதி உள்ள குடும்பத்துக்கு உதவி. இந்த ஆபீசின் சராசரி தொண்ணூற்று நாலு. உதவிக்கு ஒருத்தியும் தேறவில்லை. அதாவது எல்லாரும் தேறிவிட்டார்கள். கோகுலகிருஷ்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு கம்மியான வருமானத்தில் இவ்வளவு நிறைவான மனிதர்களைத் தான் எங்குமே பார்த்ததில்லையாம். செவ்வாய்க்கிழமை இங்கே ஒரு விழா வைத்து, ஆபீசுக்குச் சான்றிதழ் கொடுத்து, எல்லாருக்கும் மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுக்கப்போவதாக அறிவித்தான். மூச்சு ஒன்றுதான் இன்னும் விலை ஏறாமல் இருந்தது. அதற்கும் ஆள் அனுப்பிவிட்டார்கள்.

அதோடு முடிந்திருந்தால்கூடப் போகட்டும். போன மாதம் இவர்கள் நாற்பது பேரும் சேர்ந்து, பெட்டிக் கூலியை ஏற்றித் தரச் சொல்லி முதலாளிக்கு ஒரு மனு கொடுத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை கணக்கப்பிள்ளை பூவனநாதன் அந்த மனுவோடும், கோகுலகிருஷ்ணன் கொடுத்த நிம்மதிக் கணக்கோடும் வந்தார்.

“மூணு வேளைச் சாப்பாடு, நடுவுல வடை, ராத்திரி பாதாம் பாலு, ஞாயித்துக்கிழமை சீலா” என்று ஒவ்வொன்றாய்ப் படித்தார். “மொதலாளியே ஞாயித்துக்கிழமை சாளைதான் திங்காரு. ஒங்களுக்கு எதுக்குத்தா கூலி ஒசத்தி?”

பொய் சொன்னவள் எழுந்து மறுக்க வேண்டும் என்றால் முதலில் பொய் சொன்னேன் என்று சொல்ல வேண்டும். எல்லாரும் குனிந்து குச்சி அடைத்தார்கள். அவரும் மனுவை நாலாய் மடித்து, ஆடும் மேஜைக் காலுக்கு அடியில் முட்டுக்கொடுத்துவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம், பேனரில் இருந்த நம்பருக்குச் சொர்ணத்தாய் போன் போட்டாள். தன் கணக்கில் ஒரு சின்னத் திருத்தம் வேண்டும் என்றாள். கோகுலகிருஷ்ணன் தாராளமாகச் செய்யலாம் என்றான். செவ்வாய்க்கிழமை விழாவில் எல்லாக் கணக்கையும் மூடிவிடுவார்கள், அதற்கு முன்னால் செய்ய வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை. எல்லார் முன்னிலையிலும் சொன்னதை எல்லார் முன்னிலையிலும்தான் மாற்ற முடியும். அது சென்னையில் போட்ட விதி. அவள் போனை வைத்துவிட்டாள். விதி போட்டவர்களுக்குச் சம்பந்தி வாய்க்காத யோகம்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, சுருக்குப் பையில் முந்நூற்றிருபது ரூபாய் இருந்தது. திங்களுக்கும் செவ்வாய்க்குமான ஆட்டோக் கூலி. இரண்டு நாள் அடுத்தடுத்துக் கட்டு மாற்றிவிடுவது என்று பாதி நாள் பட்டினி கிடந்து சேர்த்தது.

பத்தரைக்கு முத்துத்தாய் வந்தாள். கூட சதீஷ்குமார். நிச்சயதார்த்தத்துக்கு நாள் பார்க்கணும் மதினி, ஒங்க வீட்டுல ஞாயித்துக்கிழமை விசேஷமா இருக்குமே, அப்படியே சாப்பிட்டுட்டுப் போகலாம்னு வந்தோம் என்றாள். கையை வீசிக்கொண்டு வந்திருந்தாள். ஒரு சீப்பு வாழைப்பழம்கூட இல்லை.

சொர்ணத்தாய் சிரித்தாள். பேனர்ப் பெண் தோற்றாள்.

கொல்லைப்பக்கமாக மகளைக் கூப்பிட்டுச் சுருக்குப் பையைக் கொடுத்து மார்க்கெட்டுக்கு விரட்டினாள். சிவனாண்டியை மூலையில் பாயில் உட்காரவைத்துக் கால்மேல் பெட்சீட்டைப் போட்டாள். மூட்டுவலி, குளிர் ஆகாது என்று காரணம். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. சாம்பிராணியை அள்ளிப் போட்டு வீட்டையே மேகம் ஆக்கினாள். சதீஷ்குமார் இருமிக்கொண்டே, நல்ல வாசம் அத்தை என்றான். பையன் பிழைத்துக்கொள்வான்.

முந்நூற்றிருபது ரூபாய்க்கு ஆறு துண்டு சீலா வந்தது. இரண்டு கட்டு, ஆறு துண்டு.

முத்துத்தாய் சாப்பிட்ட சாப்பாட்டைச் சொர்ணத்தாய் வாழ்நாளில் மறக்க மாட்டாள். மூன்று துண்டு போனது. நாலாவதற்கு இலையைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினாள். முள்ளைச் சூப்பினாள். குழம்பு தொட்ட விரல்களை ஒவ்வொன்றாக நக்கிச் சுத்தம் செய்தாள். தினமும் வடை தின்கிறவள் சாப்பிடுகிற சாப்பாடு இல்லை அது. எத்தனை மாசமாச்சுட்டி நீ மீனைக் கண்டு என்று சொர்ணத்தாய்க்கு நாக்கு நுனிவரை வந்தது. முழுங்கிக்கொண்டாள். கை கழுவும்போது முத்துத்தாய் மூக்கை ஒருதரம் உறிஞ்சி, மூலையில் இருந்த பெட்சீட்டைப் பார்த்தாள். நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறிக்கவில்லை. வாரேன் மதினி என்று போய்விட்டாள்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. போவதற்கு இருந்ததைத்தான் தின்றாகிவிட்டதே. தெருவில் பைக் இருக்கிற வீடு நாலு இருந்தது. நாலு வீட்டிலும் புண் ஆறிப்போய் இரண்டு வாரம்.

செவ்வாய்க்கிழமை விடியும்போது சிவனாண்டிக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. கட்டைப் பிரித்துப் பார்த்தாள். சுண்டுவிரல் கறுத்திருந்தது. எரிந்து முடிந்த தீக்குச்சி மாதிரி. அவன் கத்தவில்லை, வலிக்கவும் இல்லை என்றான். வலிக்காததுதான் அவளைப் பயமுறுத்தியது.

கூலியில் முன்பணம் வாங்க ஆபீசுக்கு ஓடினாள். மணி எட்டு. முற்றத்தில் நாற்பது பேரும் உட்கார்ந்து மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். விழா தொடங்கிவிட்டது. பேனருக்குக் கீழே கோகுலகிருஷ்ணன் மைக்கோடு நின்று, இழுங்கள், நிறுத்துங்கள், கவலையை வெளியே விடுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தான். சான்றிதழை மாட்ட முதலாளி ஏற்கெனவே கண்ணாடிச் சட்டம் வாங்கி வைத்திருந்தார். கணக்கப்பிள்ளை ஒரு பக்க மூக்கை மூடியபடியே கையைக் காட்டினார். எதுவானாலும் விழா முடிந்து.

சொர்ணத்தாய் அவரைத் தாண்டிப் போனாள். பேனருக்குக் கீழே போய்க் கோகுலகிருஷ்ணன் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினாள். அவன் விடவில்லை. அடுத்த பிடுங்கில் விட்டான்.

“நான் சொன்னது பொய்யி” என்றாள். ஸ்பீக்கர் கீச்சிட்டது. “சீலாவும் பொய்யி, மூணு வேளையும் பொய்யி. மத்தியானம் ஒருவேளை பொங்குதேன், அது ராத்திரிக்கும். எங்க வீட்டு அவியளுக்குச் சர்க்கரை. காலு ஆறலை. வெரலு செத்துப்போச்சு. இப்போ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும், ஆட்டோவுக்குக் கையில துட்டு இல்லை.”

முற்றத்தில் மூச்சுப் பயிற்சி உண்மையிலேயே நடந்தது. யாரும் விடவில்லை.

அவள் முத்துத்தாயைத் தேடிப் பார்த்தாள். கல்யாணம் போயிற்று என்றால் இந்த நிமிஷமே போகட்டும் என்று பார்த்தாள். முத்துத்தாய் மூக்கிலிருந்து விரலை எடுத்தாள்.

“ஞாயித்துக்கிழமையே மணத்துச்சு மதினி. சாம்பிராணியையும் மீறி மணத்துச்சு. மீனைத் தின்னுக்கிட்டு எப்படிக் கேக்கன்னு வந்துட்டேன். ஆடிக்குப் பெறகு மீனு தின்னது அன்னைக்குத்தான்.” சேலையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். “அந்த வடை இருக்கே, அதையும் அடிச்சிரச் சொல்லுங்க.”

வாசலில் காலிப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்த செய்யது அலி பெட்டிக் கட்டைக் கீழே வைத்தார். முற்றத்துக்குள் வந்தார். அவர் முகத்தில் இரக்கம் இல்லை, கோபம்தான் இருந்தது.

“ஏம்மா, ஆறிப்போச்சுன்னுல்ல சொன்ன? இங்கன இறக்கிட்டுத் தெனமும் ஒன் தெரு வழியா, ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டிக் காலி வண்டியாத்தான் போறேன். ரெண்டு வாரமா காத்தை ஏத்திக்கிட்டுப் போறேன்.”

சொர்ணத்தாய் மைக்கைக் கோகுலகிருஷ்ணன் கையில் திணித்தாள்.

செய்யது அலி பெட்டிகளை அப்படியே வாசலில் தள்ளிவிட்டு வண்டியைத் திருப்பினார். சொர்ணத்தாய் முன்னால் ஏறினாள், முத்துத்தாய் கேட்காமலே பின்னால் தாவி ஏறினாள். வண்டி கிளம்பும்போது கோகுலகிருஷ்ணன் கூடவே ஓடிவந்து, உங்க மார்க்கைத் திருத்திட்டேன், இப்ப பத்தொன்பது, கண்டிப்பா உதவி வரும், நாற்பத்தைந்து வேலைநாள் ஆகும் என்றான்.

“அதுவரைக்கும் மூச்சு விட்டுக்கிட்டே இருக்கேன் தம்பி” என்றாள்.

பெட்சீட்டோடு சிவனாண்டியை லோடு ஆட்டோவின் பின்தட்டில் படுக்கவைத்துக் கொண்டுபோனார்கள். முத்துத்தாய் அவன் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். வழி முழுக்க மூக்கைச் சுளித்துக்கொண்டுதான் வந்தாள், காலை இறக்கவில்லை. டாக்டர் பார்த்துவிட்டுத் திட்டினார். அன்றே சுண்டுவிரலை எடுத்தார்கள். காலைத் தொடவில்லை. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தால் முழங்கால்வரைக்கும் என்றார்.

அவர்கள் போன பிறகு ஆபீசில் மைக்குக்கு வரிசை நின்றதாம். வள்ளிமயில் மூன்றாவது விரலை மடக்கினாள். பாதாம் பாலில் பாதாம் போனது, பிறகு பாலும் போனது. சாயங்காலம் பார்க்கும்போது தொண்ணூற்று நாலு முப்பத்தொன்றாக இறங்கியிருந்தது. தன்னுடைய மிகச் சிறந்த ஆபீசை இழந்த கோகுலகிருஷ்ணன் சான்றிதழைச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறினான். முதலாளி வாங்கிய சட்டம் காலியாகச் சுவரில் தொங்குகிறது. மேஜைக்கு அடியில் கிடந்த மனுவை எடுத்து, தேதியை மட்டும் மாற்றி, நாற்பது பேரும் மறுபடி கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். மேஜை ஆடுகிறது.

நாற்பத்தைந்து வேலைநாள் இன்னும் முடியவில்லை. செய்யது அலியின் வண்டி தினமும் எட்டரைக்குச் சொர்ணத்தாய் வீட்டு வாசலில் நிற்கிறது. பத்து நாளாக ஒருநாள் தவறாமல் கட்டு மாறுகிறது. புண்ணில் சிவப்புச் சதை பிடித்திருக்கிறது என்று நர்சு சொன்னாள். முத்துத்தாய் நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்துவிட்டாள், மீன் போடக் கூடாது என்ற நிபந்தனையோடு.

தெருவில் யாராவது, ஒன் வீட்டுக்காரருக்குக் கால் எப்படி இருக்கு என்று கேட்டால் சொர்ணத்தாய் இப்போது நின்று, முழுசாகப் பதில் சொல்கிறாள்.

“அஞ்சுல ஒண்ணை என் வாயி தின்னுருச்சு. மிச்சம் நாலு இருக்கு.”